வாங்கியவன் ஒருவன், உடையவன் வேறொருவன்!

பெரிய முதலியார்சாவடியில் என் வீட்டு வாயிலில் நின்றால் கிழக்கே கடலோசை கேட்கும். கிழக்குக் கடற்கரைச் சாலைவழியே வடக்கு நோக்கிச் சென்றால் மரக்காணத்து உப்பளங்கள் விரிந்து கிடக்கும். கோடையில் பாத்திகளெங்கும் வெண்மை பூத்துக் கிடக்கும் அவ்வளங்களைக் கடக்குந்தோறும் எனக்கு ஒரு பழஞ்செய்தி நினைவுக்கு வரும். 1805-ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கும்பணி சென்னை மாகாணத்து உப்பு வாணிகத்தைத் தன் தனியுரிமையாக்கிக் கொண்டது. கடல் நம்முடையது, வெயில் நம்முடையது, பாத்தி கட்டி, சுடுநிலத்தில் நின்று வாரிய கைகளும் நம்முடையன. ஆயினும், விளைத்தவனே தன் கஞ்சிக்கு ஒருபிடி உப்பை அள்ளினால் அது குற்றம்! அக்கொடுமையை எதிர்த்தே 1930-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்து சென்ற தொண்டர்கள், ஏப்பிரல் 30-ஆம் நாள் திருமறைக்காடாகிய வேதாரணியத்தில் உப்பள்ளினர். அப்படையை நடத்திய இராசாசியே 1938-இல் நம் பள்ளிப் பிள்ளைகள்மேல் இந்தியைச் சுமத்தினார் என்பது வேறு கதை.

அவ்வுப்புத் தனியுரிமை ஒழிந்துவிட்டது என்று நாம் எண்ணியிருக்கின்றோம். அது வெண்மை நீங்கிக் கருமை பூண்டு, மை வடிவில் என் எழுத்துப் பலகையின்மேல் வந்து அமர்ந்திருப்பதை அண்மையில்தான் உணர்ந்தேன். மிகைப்பேச்சு என எண்ணற்க. நடந்ததைச் சொல்கின்றேன்.

சம்பளம் என்னும் சொல், சம்பாகிய நெல்லும் அளமாகிய உப்பும் கூடியது என விளக்கினார் மொழிஞாயிறு பாவாணர். அந்நெல்லையும் உப்பையும் சிறுகச் சிறுகச் சேர்த்து, கணிப்பொறியோடு இணையும் அச்சுப்பொறி ஒன்றை வாங்கினேன். ஞாயிறுதோறும் என் வீட்டுத் திண்ணையில் கூடும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகவே அதனை வாங்கினேன். அவர்களுட் பெரும்பாலார் வலை இழுப்போர் வீட்டுப் பிள்ளைகள். அளத்துக் கூலிக்குச் செல்வோர் வீட்டுப் பிள்ளைகளும் சிலர் உளர். பயிற்சி நூல்களை விலைகொடுத்து வாங்க இயலாத அவர்களுக்குக் கிழமைதோறும் ஒரு வினாத்தாளை அச்சிட்டுத் தருவது என் வழக்கம்.

அச்சுப்பொறிக்குள் மை அடங்கிய சிறு பேழைகள் உள. கடைக்காரர் 'காட்ரிட்சு' என்பதை நாம் மைப்பேழை என்போம். பொறியை ஆக்கிய குழுமமே விற்கும் பேழையின் விலை மிகுதி. ஆகவே, புதுவைக் கடையொன்றில் வேறொருவர் ஆக்கிய, அதே அளவினதான பேழையை வாங்கிப் பொருத்தியிருந்தேன். ஏழெட்டுக் கிழமைகள் எக்குறையுமின்றி அச்சிட்டது. ஓரிரவு பொறி தானே இணையத்தின்வழித் தன் குழுமத்தோடு பேசி ஏதோ புதிய கட்டளையைப் பெற்றுக்கொண்டது போலும். மறுநாள், காலாண்டுத் தேர்வுக்கு முந்திய ஞாயிறு, வினாத்தாளை அச்சிட முனைந்தபோது, 'இப்பேழை ஏற்கத்தக்கதன்று' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரி எழுந்தது. முதல்நாள் வரை ஏற்ற பேழை! மை பாதிக்குமேல் இருந்தது, தாள் இருந்தது, மின்னும் இருந்தது. அச்சு மட்டும் வரவில்லை.

திண்ணையில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் காத்திருந்தனர். கரும்பலகையில் வினாக்களை எழுதிப் போட்டேன். அவர்கள் படியெடுத்துக்கொண்டிருக்கையில், அளத்தில் வேலைசெய்யும் தாயொருவரின் மகள் கேட்டாள்: "ஐயா, பொறியும் நீங்கள் வாங்கியது, மையும் நீங்கள் வாங்கியது. பிறகு யாரைக் கேட்டு அது வேண்டா என்கிறது?" முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற எனக்கு அவ்வினாவுக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. அவளுக்கு நான் கடன்பட்ட விடையே இக்கட்டுரை.

மறுநாள் குழுமத்தின் உதவி நடுவத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். முதலில் ஆங்கிலம், அடுத்து இந்தி, தமிழுக்குரிய எண் வரும்வரை பொறுத்திருந்து அழுத்தினேன். அரைமணி நேரம் இசையொலி. பின்னர் ஒரு பெண் பேசினார்.

"எங்கள் குழுமத்துப் பேழையா?" என்றார்.

"அன்று," என்றேன்.

"அப்படியாயின் எங்கள் பொறுப்பன்று."

"நேற்றுவரை எப்படி ஏற்றது, அம்மா?"

அவர்முன் வைக்கப்பட்டிருந்த தாளில் அவ்வினாவுக்கு விடை எழுதப்படவில்லை போலும். முன் சொன்னதையே மீண்டும் சொன்னார். அவர்மேல் எனக்குச் சினமில்லை. அக்குரல் என்னிடம் பயின்ற எந்தப் பெண்ணின் குரலாகவும் இருக்கலாம். தாமாக ஒரு சொல்லும் சொல்ல உரிமையில்லாத இருக்கையில் அவரை அமர்த்தியவர்கள்மேல்தான் என் சினம்.

வேறு வழியின்றிக் குழுமத்தின் சொந்தப் பேழையையே கூடுதல் விலைக்கு வாங்கினேன். கார்த்திகை மழை பிடித்ததும் அதனையும் 'அறிய இயலவில்லை' என்றது பொறி. தான் பெற்ற பிள்ளையையே பார்த்து 'நீ யார்?' என்றது! மீண்டும் தொலைபேசி; மீண்டும் இசை. பேழையைக் கழற்றுக; மின்னை நிறுத்துக; சற்றுப் பொறுத்து மாட்டுக. மூன்று நாள்கள், மூன்று வேறு குரல்கள், ஒரே ஓதல். நான்காம் நாள், 'புதுப்பேழை வாங்குங்கள்' என்று முடித்துவிட்டனர்.

என் பழைய மாணவர் ஒருவர் கோட்டக்குப்பத்தில் கைப்பேசி பழுதுபார்க்கும் சிறுகடை வைத்திருக்கின்றார். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பேழையைத் திருப்பிப் பார்த்ததும் சிரித்தார். "உப்புக்காற்று, ஐயா," என்றார். பொறியைத் தொடும் செப்புப் பொட்டுகளின்மேல் உப்புப் படிந்து பசுங்களிம்பு கட்டியிருந்தது. விரைந்து ஆவியாகும் நீர்மத்தை மெல்லிய துணியில் தோய்த்து இருமுறை துடைத்தார். பொறி பேசாமல் ஏற்றுக்கொண்டது. காசு கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார்.

இதில் என்னை உறுத்துவது ஒன்று. தொலைபேசியில் பேசியவருள் ஒருவரேனும் 'நீங்கள் இருப்பது கடற்கரையா?' என்று கேட்டிலர். கேட்டிருந்தால் சிக்கல் அன்றே தீர்ந்திருக்கும். இம்மண்ணையும் இக்காற்றையும் காணாத எவரோ எங்கோ அமர்ந்து எழுதிய வினாநிரலில் கடல் இல்லை. அயல்நாட்டு நிரலைத் தமிழில் ஒப்பித்துவிட்டால் அது தமிழர்க்கு உதவியாகிவிடாது. நெய்தல் நிலத்தவனுக்கு உதவ வருவோர் நெய்தலை அறிந்திருத்தல் வேண்டும்.

இனி அம்மாணவியின் வினாவுக்கு வருவோம். பொறி யாரைக் கேட்டு மறுத்தது? பேழையின்மேல் ஒரு சிறு சில்லு பதிக்கப்பட்டுள்ளது. பேழையைப் பொருத்தியதும் பொறி அச்சில்லைத்தான் படிக்கும். அதில் குழுமத்தின் மறைக்குறி இருந்தால் ஏற்கும், இல்லையேல் தள்ளும். மையின் தரத்தை அது ஆய்வதில்லை. மையின் பிறப்பையே கேட்கின்றது! பிறப்பைக் கேட்டு உள்ளே விடும் வழக்கத்தால் எத்துணை இழிவு பட்டோம் என்பதைத் தமிழர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

அது மட்டுமா? எளிய பொறிகள் பலவற்றில் மையின் இருப்பும் நேராக அளக்கப்படுவதில்லை. இதுவரை எத்துணைத் துளிகள் தெளிக்கப்பட்டன என்னும் கணக்கைக்கொண்டு உய்த்தறியப்படுகின்றது. கணக்கு முடிந்தால், உள்ளே மை எஞ்சியிருப்பினும் 'தீர்ந்தது' என்று அறிவிப்பு வரும். கருமையில் மட்டும் அச்சாக வேண்டிய தாளுக்கும், மஞ்சளோ நீலமோ தீர்ந்ததென்று சொல்லி நின்றுவிடும் பொறிகளும் உள. முனை அடைபடாதிருக்க அவ்வப்போது பொறி தன்னைத் தானே கழுவிக்கொள்ளும். அக்கழுவலுக்குச் செலவாவதும் நாம் வாங்கிய மையே. அது உள்ளிருக்கும் பஞ்சில் வடிந்து வீணாகின்றது. ஓரிரு தேக்கரண்டி மையை விலைகொடுத்து வாங்கியவன், அதில் எவ்வளவு தாளுக்குச் சென்றது, எவ்வளவு பஞ்சுக்குச் சென்றது, எவ்வளவு பேழையோடு குப்பைக்குச் சென்றது என்பதை அறியவே மாட்டான்.

இஃது என் ஒருவன் வீட்டுக் கதையன்று. 2016-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் நாள், எச்.பி. குழுமத்தின் அச்சுப்பொறிகள் பல, உலகின் பல நாடுகளில், பிறர் ஆக்கிய பேழைகளை ஒருசேர மறுக்கத் தொடங்கின. பல திங்கள்களுக்கு முன்பே மென்பொருளுக்குள் உறங்கவைக்கப்பட்டிருந்த கட்டளை அன்று விழித்துக்கொண்டது. எதிர்ப்பு வலுத்தபின், முன்னரே முறையாக அறிவிக்காமைக்கு அக்குழுமம் வருத்தம் தெரிவித்தது. அத்தடையை நீக்கும் மென்பொருளைத் தருவதாகவும் சொல்ல வேண்டியதாயிற்று. 2020 திசம்பரில் இத்தாலி நாட்டுப் போட்டி ஆணையம், இத்தகைய கட்டுப்பாடுகளை வாங்குவோர்க்குத் தெளிவாகச் சொல்லாமைக்காக அக்குழுமத்தின்மேல் ஒரு கோடி யூரோ தண்டம் விதித்தது.

அமெரிக்காவில் இலெக்சுமார்க்கு என்னும் குழுமம், பேழையைக் குறைவிலைக்கு விற்று, 'மை தீர்ந்தால் எம்மிடமே திருப்பித் தருக' என்று வாங்குவோரைக் கட்டிப்போட்டது. பழம்பேழைகளை நிரப்பி விற்ற சிறு குழுமத்தின்மேல் காப்புரிமை வழக்கும் தொடுத்தது. 2017 மே 30 அன்று அந்நாட்டு உச்ச வழக்குமன்றம், பொருளை விற்ற அப்பொழுதே அதன்மேல் காப்புரிமையாளனுக்கு இருந்த பிடி முடிந்துவிட்டது என்று தீர்ப்பளித்தது. எத்துணைத் தெளிவான நெறி! ஆயினும், சட்டத்தின் பிடி தளர்ந்த இடத்தில் சில்லின் பிடி இறுகிவிட்டது. வழக்குமன்றத்துக்குச் செல்லாமலே, நம் வீட்டுக்குள்ளேயே குழுமம் தன் தீர்ப்பைத் தானே நிறைவேற்றிக் கொள்கின்றது.

குழுமத்தார் கூறும் மறுமொழியையும் கேட்பதே முறை. 'பொறியைக் குறைந்த விலைக்குத் தருகின்றோம். அக்குறையை மையில் ஈட்டுகின்றோம்' என்பர். 'பிறர் மை பொறியைக் கெடுக்கும்' என்றும் கூறுவர். இவற்றில் உண்மையே இல்லை என்று நான் சொல்லேன். மட்டமான மை முனையை அடைத்துவிட்டதை நானே கண்டிருக்கின்றேன். ஆனால், 'பிறர் மையால் பழுது நேர்ந்தால் அதற்கு நாங்கள் பொறுப்பல்லேம்' என்பது ஒன்று. பழுதே நேராத பொறியை இயங்கவிடாமல் பூட்டுவது வேறொன்று. முன்னது எச்சரிக்கை, பின்னது பறிப்பு. மாட்டை விற்றவன், 'நான் விற்கும் வைக்கோலைத்தான் அது தின்னவேண்டும். பிறர் வைக்கோலைப் போட்டால் அதன் வாய் திறக்காது' என்று சொன்னால், அம்மாட்டை நாம் வாங்கினோம் என்று பொருளா? பொறியின் விலை மெய்யாகவே குறைவு என்றால், மெய்விலையை வெளிப்படச் சொல்லட்டும். பொறிக்கும் மைக்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்து வாங்க எளிய ஆசிரியனுக்கும் தெரியும்.

தமிழ அன்பர்களே! மைக்காகப் பிறர் கையை எதிர்நோக்கி நின்றது நம் பழைய நிலையன்று. ஓலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்து விளங்குதற்பொருட்டு, விளக்குக்கரியைக் கோவையிலை, ஊமத்தையிலை ஆகியவற்றின் சாற்றோடு குழைத்துத் தடவினர் நம் முன்னோர். பிள்ளை கல்வி தொடங்கும் நாளில் சுவடிக்கு மை தடவியதால் அந்நிகழ்ச்சிக்கே மையாடல் என்று பெயர். மைக்கு வேண்டிய கோவை வேலியில் படர்ந்தது. கரி விளக்கில் படிந்தது.

அச்சுப்பொறி கடல்கடந்து வந்தபோதும் அவ்வாறே. தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சகம் நிறுவியபோது, செருமனியின் ஆலே நகரில் வார்த்து அனுப்பப்பட்ட தமிழெழுத்துகள் மிகப் பெரியனவாய் இருந்து தாளை விழுங்கின. எனவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். தாள் போதாமையால் பொறையாற்றில் தாள் பட்டறையும் கண்டனர். 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. அப்பொறியும் அயலார் ஆக்கியதே. ஆயினும், 'என் நாட்டு எழுத்தைத்தான் கோக்க வேண்டும். என் நாட்டுத் தாளைத்தான் விரிக்க வேண்டும்' என்று அதனை ஆக்கியவன் அதற்குள் ஒளிந்திருந்து கட்டளையிடவில்லை. இருந்த குறையை இங்குள்ள கைகள் நிறைத்துக்கொண்டன.

நம் நாளிலும் மக்களின் கைத்திறன் பெருங்குழுமத்தைத் திருத்தியதுண்டு. இந்தோனேசிய நாட்டில், பொறிக்கு வெளியே மைத்தொட்டி வைத்து, குழாய் இணைத்து, விலை குறைந்த மையைத் தாமே ஊற்றிக்கொள்ளும் வழக்கம் பரவியது. அதனைக் கண்ட எப்சன் குழுமம் 2010-இல் அந்நாட்டிலேயே தொட்டி பொருத்திய பொறியை விற்பனைக்குக் கொணர்ந்தது. குப்பியிலிருந்து மையூற்றும் அத்தகைய பொறிகள் இன்று நம் கடைகளிலும் உள. செய்ய முடியாதது என்று குழுமங்கள் சொல்வன பலவும் செய்ய மனமில்லாதனவே என்பதற்கு இஃதொரு சான்று.

நம் நாட்டுச் சட்டத்தின் நிலை என்ன? 2014 ஆகசுட்டில் இந்தியப் போட்டி ஆணையம் பதினான்கு மகிழுந்துக் குழுமங்களின்மேல் 2,544 கோடி உரூபா தண்டம் விதித்தது. உறுப்புகளையும் பழுதுநீக்கக் குறிப்புகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தாராமல் தம்மிடமே பூட்டிவைத்தது அவற்றின் குற்றம். தண்டத்தொகை பற்றி மேல்முறையீடுகள் எழுந்தனவாயினும், விற்றபின்னும் பொருளைத் தன் பிடியில் வைத்திருத்தல் முறையன்று என்னும் நெறி பதிவாயிற்று. 2022 சூலையில் நடுவணரசின் நுகர்வோர் துறை, பழுதுநீக்கும் உரிமை குறித்து ஆய ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டுப் பயன்பொருள்கள், ஊர்திகள் என்னும் துறைகளை அது முதற்கண் எடுத்துக்கொண்டது. மைப்பேழைக்கு அங்கே தனியிடம் இல்லை. மகிழுந்து வாங்குவோர்க்குக் கிடைத்த நெறி, மை வாங்குவோர்க்கும் கிடைத்தல் வேண்டும்.

மொழியின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. பொதியிட்ட பண்டங்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகள், உறைமேல் இருந்தாக வேண்டிய அறிவிப்புகள் தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ அல்லது ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும் என்கின்றன. பிறமொழி கூடுதலாக இருப்பின் தடையில்லையாம்! தமிழ்நாட்டில், தமிழன் காசுக்கு விற்கும் பொருளின் உறையில் தமிழ் இருந்தாக வேண்டும் என்று அவ்விதி கூறவில்லை. இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று இரக்கம் காட்டுகின்றது. 'பிறர் பேழை ஏற்கப்படாது' என்னும் கட்டுப்பாட்டை உறையின் ஓரத்தில் ஆங்கிலப் பொடியெழுத்தில் அச்சிட்டுவிட்டு, மரக்காணத்து அளத்தொழிலாளி அதற்கு உடன்பட்டே வாங்கினார் என்று சொல்வது எந்த நயன்மை?

நாம் கேட்பன மூன்றே. பிறர் பேழையை மறுக்கும் பொறியாயின், அச்செய்தி உறையின் முகப்பில் பெரிய எழுத்தில் தமிழில் இருத்தல் வேண்டும். விற்ற பொறிக்குள் உடையவனின் இசைவின்றிப் புதிய பூட்டை இணையத்தின்வழிப் புகுத்தலாகாது. உதவி நடுவத்தில் அமர்பவர்க்குத் தமிழும் தெரிந்திருக்க வேண்டும். தாளில் இல்லாத வினாவுக்கு விடை தேடித் தரும் உரிமையும் இருக்க வேண்டும்.

கேட்டுவிட்டுக் கைகட்டி இருத்தலும் ஆகாது. வாங்கிய பற்றுச்சீட்டைக் காத்து வையுங்கள். பொறி காட்டும் மறுப்பு வரியைப் படம் பிடியுங்கள். அழைத்த நாளையும் நேரத்தையும் பெற்ற மறுமொழியையும் குறித்து வையுங்கள். 1915 என்னும் நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே முறையிடலாம். அதற்கும் இணங்காவிடின், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் காப்புச் சட்டப்படி, குழுமத்தின் தலைமையகம் எந்நகரில் இருப்பினும், நீங்கள் வாழும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்கிடலாம். ஐந்திலக்கம் உரூபா வரை விலைகொடுத்த பொருளுக்கு வழக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. சிக்கல் எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கிட்டால் போதும். கடற்கரையில் வாழ்வோர்க்கு இன்னுமொரு சொல்: வேலை முடிந்ததும் பொறியைத் துணியால் மூடிவையுங்கள், 'அறிய இயலவில்லை' என்று அது கூறினால், புதுப்பேழை வாங்க ஓடுமுன் செப்புப் பொட்டுகளைத் துடைத்துப் பாருங்கள்.

அம்மாணவிக்கு என் விடை இது: அது தன்னை ஆக்கியவனைக் கேட்டு மறுக்கின்றது, அம்மா. விலையை நம்மிடம் வாங்கிக்கொண்டு உடைமையை அவனே வைத்துக்கொண்டான். உன் தாய் வாரும் உப்புக்கும் ஒரு காலத்தில் இதே நிலைதான் இருந்தது. அது மாறியது; இதுவும் மாறும். ஆனால் கேட்பவர் கேட்டால்தான் மாறும்.

விழுப்புரத்து ஆணையத்துக்கு என் முறையீட்டைத் தமிழில் எழுதி முடித்துவிட்டேன். வரும் ஞாயிறு, வினாத்தாளோடு அதன் படியும் பிள்ளைகள் கைக்குச் செல்லும். பத்தாம் வகுப்புத் தேர்வில் மடல் எழுதும் வினா ஒன்று உண்டல்லவா? அன்றைக்கு அதுவே பாடம்.